அரிய இன நாயைக் கேட்டுச் சென்றால்: ஒரு விலங்குக் காப்பகத்தின் தத்துச் சேவை பற்றிய மதிப்பீடு

ஒரு விலங்குக் காப்பகத்தின் தத்துச் சேவை எத்தகையது என்று அறிய விரும்புகிறவர், எளிதில் கிடைக்காத ஒரு நாய் இனத்தின் பெயரைச் சொல்லி, அது அங்கே வருவதுண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்டவரைக் குற்றம் செய்தவரைப் போல நடத்துகிறார்களா, இருக்கும் நாய்களில் ஒன்றை அந்தப் பெயரிலேயே தலையில் கட்டப் பார்க்கிறார்களா, அல்லது உட்காரவைத்து அந்த இனத்தைப் பற்றித் தாங்கள் அறிந்ததைச் சொல்கிறார்களா என்பதிலேயே அந்த இடத்தின் தரம் பெருமளவு வெளிப்பட்டுவிடும். என் மகனுக்கு வேட்டை நாய்களின் மீது, அதிலும் அருகிவரும் இனங்களின் மீது, சிறு வயது முதலே தீராத ஈடுபாடு உண்டு. எனக்கோ, வீட்டுக்கு ஒரு நாய் வருமானால் அது காப்பகத்திலிருந்துதான் வர வேண்டும் என்ற எண்ணம். இரண்டையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு நாங்கள் ஒரு காப்பகத்தை அணுகினோம். தத்து முடிந்து, நாய் வீட்டில் நிலைகொள்ளும் வரை அவர்களுடைய சேவையைப் பயன்படுத்தினோம். குறைகளையும் எழுதப்போவதால் அந்தக் காப்பகத்தின் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நாயின் குணத்தையும் உடல்நிலையையும் கவனித்து, அதை ஒளிக்காமல் சொல்வதில் இந்தக் காப்பகம் முதல் தரமானது. நாயின் இனம் எது என்று சொல்வதில் இதை நம்ப முடியாது. நம்ப முடியாத அந்த இனப் பெயரை வைத்துக்கொண்டு கட்டணத்தை ஏற்றியிறக்குவது கண்டிக்கத் தக்கது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்மணி, மகன் நீட்டிய பட்டியலை வாங்கிப் பொறுமையாகப் படித்தார். முதல் பெயர் நார்வே நாட்டின் லுண்டேஹுண்ட். கடலோரப் பாறை இடுக்குகளில் கூடு கட்டும் பஃபின் பறவைகளைப் பிடிப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட இந்தச் சிறிய நாய்க்கு ஒவ்வொரு காலிலும் குறைந்தது ஆறு விரல்கள் உண்டு. தலையை முதுகைத் தொடுமளவுக்குப் பின்னோக்கி வளைக்கவும், காதுத் துளைக்குள் மண் புகாதபடி மடலை மூடிக்கொள்ளவும் அதனால் முடியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டிஸ்டெம்பர் என்ற, நாய்களைத் தாக்கும் தொற்றுநோய் பரவியதில் இந்த இனம் ஏறத்தாழ அழிந்தே போயிற்று. 1960களில் எஞ்சியிருந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம், இன்று உயிரோடிருக்கும் லுண்டேஹுண்டுகள் எல்லாம் அந்தச் சில நாய்களின் வழித்தோன்றல்களே. அவ்வளவு நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்ததால், குடல் வழியாகப் புரதம் வீணாகும் ஒரு நோய் இந்த இனத்தைத் தொடர்ந்து வாட்டுகிறது; அதை மட்டுப்படுத்தும் நோக்கில் நார்வேயில் வேறு சில வடதேச இனங்களோடு திட்டமிட்டுக் கலக்கும் முயற்சியும் நடந்து வருகிறது. “ஆறு விரலைப் பார்த்து ஆசைப்படுகிறவர், ஆயுள் முழுக்க அதன் எடையையும் மலத்தையும் கவனித்துக்கொண்டிருக்கத் தயாரா என்றும் யோசிக்க வேண்டும், தம்பி” என்று அவர் மகனிடம் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அறிவுரை என்ற தொனி அதில் இல்லை. தகவலைத் தகவலாகச் சொன்னார்.

அடுத்தது ஆட்டர்ஹவுண்ட். நீர்நாய்களை வேட்டையாடுவதற்காகப் பிரிட்டனில் உருவான இந்த இனத்துக்கு, 1978இல் இங்கிலாந்தில் நீர்நாய்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தவுடன் செய்வதற்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஆண்டுக்கு 300 குட்டிகளோ அதற்கும் குறைவாகவோ பதிவாகும் உள்நாட்டு இனங்களைப் நாய் இனங்களைப் பதிவு செய்யும் பிரிட்டனின் கென்னல் கிளப் தனிப் பட்டியலில் வைத்துக் கண்காணிக்கிறது. ஆட்டர்ஹவுண்ட் அந்த வரம்புக்கும் வெகு கீழே இருக்கிறது. ஐம்பது கிலோவை எட்டக்கூடிய உடலும், கரடுமுரடான முடி நிறைந்த தாடியும், தெருக்கோடி வரை கேட்கும் குரலும், நீரைக் கண்டால் இறங்காமல் போகாத பிடிவாதமும் கொண்ட ஒரு நாயை அடுக்குமாடிக் குடியிருப்பில் வைத்துக்கொள்ள முடியுமா என்று அவர் கேட்டபோது, மகனே பேனாவை எடுத்து அந்தப் பெயரை அடித்துவிட்டான். முடியற்ற மெக்சிகோ நாயான ஷோலோவுக்கு வந்தபோது அவர் சொன்ன விவரம் எங்கள் இருவருக்குமே புதிது. அந்த முடியின்மைக்குக் காரணமான மரபணு மாற்றம் எது என்று 2008இல் கண்டறிந்திருக்கிறார்கள். அந்த மாற்றம் தாய், தந்தை ஆகிய இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்த கரு பிறக்கும் முன்பே இறந்துவிடும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றது முடியின்றிப் பிறக்கும், பல பற்கள் முளைக்காமலும் போகலாம். எதுவுமே பெறாத குட்டி, அதே ஈற்றில், முழு முடியோடு பிறக்கும். ஆகவே முடியுள்ள ஷோலோவைக் கலப்பினம் என்று கருதிக் கைவிடுவது அறியாமை என்றார்.

ஒரு காப்பகத்தின் முன்மேசையில் இந்த அளவு விஷய ஞானத்தை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. இதில் பாராட்ட வேண்டியது அவருடைய நினைவாற்றலை மட்டுமல்ல. அரிய இனம் வேண்டும் என்று வருபவர்களுக்கென்று இங்கே தனியே ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். விரும்பும் இனம், வீட்டின் அளவு, முன்பு வளர்த்த அனுபவம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்தால், அப்படி ஒரு நாய் வரும்போது அழைக்கிறார்கள். அத்தகைய நாய்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில்தான் வருகின்றன: வாங்கியவர் சமாளிக்க முடியாமல் ஒப்படைப்பவை, முறைகேடாக நடத்தப்பட்ட இனப்பெருக்கக் கூடங்களிலிருந்து அதிகாரிகள் மீட்டவை, தொலைந்துபோய் யாரோ கொண்டுவந்து விடுபவை. மூன்றாவது வகையில்தான் காப்பகத்தின் நேர்மை சோதிக்கப்படுகிறது. விலை மதிப்புள்ள இனம் போலத் தோன்றும் நாய் வந்தால், உடனே அழைத்துச் செல்ல ஆள் தயாராக இருப்பார். ஆனால் அதற்கு எங்கோ ஓர் உரிமையாளர் தவித்துக்கொண்டும் இருக்கலாம். இங்கே முதல் வேலையாகத் தோலுக்கடியில் மைக்ரோசிப் எனும் அடையாளச் சில்லு இருக்கிறதா என்று கருவியால் பார்க்கிறார்கள்; அதுவும் தோள்களுக்கு நடுவில் மட்டும் அல்லாமல், சிப் நகர்ந்திருக்கக்கூடிய கழுத்து, முன்னங்கால் பகுதிகளிலும் ஓட்டிப் பார்க்கிறார்கள். சிப்பில் இருப்பது பதினைந்து இலக்க எண் மட்டுமே. அது நாய் இருக்கும் இடத்தைக் காட்டாது, பதிவில் உரிமையாளரின் விவரம் புதுப்பிக்கப்பட்டிருந்தால்தான் பயன் தரும் என்பதையும் ஒவ்வொருவருக்கும் விளக்குகிறார்கள். உரிமையாளர் தேடி வருவதற்கான காத்திருப்புக் காலம் முடியும் முன்பு எந்த நாயையும், எவ்வளவு நன்கொடை தருகிறேன் என்றாலும், வெளியே அனுப்புவதில்லை.

இனி குறைக்கு வருகிறேன். கூண்டுகளின் வாயிலில் தொங்கும் அட்டைகளில் பெயர், வயது, பாலினம் ஆகியவற்றுக்கு அடுத்து, இருப்பதிலேயே பெரிய எழுத்தில், இனம் என்ற கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் எழுதப்படுவது, நாய் வந்த அன்று பணியில் இருந்தவரின் கண்மதிப்பு மட்டுமே. பழுப்பு மேனியும் நிமிர்ந்த காதும் சுருண்ட வாலும் இருந்தால் பசென்ஜி கலப்பு. கால் நீண்டு வயிறு ஒட்டியிருந்தால் சலூக்கி கலப்பு. தலை சற்றுப் பருத்திருந்தால் மாஸ்டிஃப் கலப்பு. மனிதர் யாரும் துணை தேடித் தராமல் தாமாகவே பெருகும் நாய்கள் உலகெங்கும் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பகுதி பழுப்பு நிறமும் நடுத்தர உடலும் கொண்டவைதான் என்பதை இங்குள்ளவர்கள் அறியாதவர்கள் அல்லர். அப்படியிருந்தும் ‘கலப்பினம்’ என்று மட்டும் எழுதினால் யாரும் நின்று பார்ப்பதில்லை என்பதால் ஒரு பெயரைச் சூட்டிவிடுகிறார்கள்.

இந்தக் கண்மதிப்பு எவ்வளவு தவறக்கூடும் என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2009இல் அமெரிக்காவில் தத்தெடுக்கப்பட்ட இருபது நாய்களை எடுத்து, தத்துக் கொடுத்தவர்கள் சொன்ன இனத்தை டிஎன்ஏ முடிவோடு ஒப்பிட்டபோது, சொல்லப்பட்ட இனங்களில் ஒன்றாவது முதன்மை இனமாகச் சோதனையில் தென்பட்டவை நான்கில் ஒரு பங்கு நாய்களே. 2018இல் அதே நாட்டில் இரண்டு காப்பகங்களில் 900க்கும் மேற்பட்ட நாய்களைச் சோதித்த ஓர் ஆய்வில், தூய இனத்தவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாக இருந்தன. நாங்கள் தத்தெடுத்த நாயின் அட்டையிலும் பசென்ஜி கலப்பு என்றே எழுதியிருந்தது. பின்னர் நாங்களே செய்வித்த சோதனையில் பசென்ஜியின் சுவடே இல்லை. இதை வைத்துச் சோதனையே வேதவாக்கு என்று சொல்ல வரவில்லை. டிஎன்ஏ சோதனை செய்யும் நிறுவனங்கள் தம்மிடம் சேர்த்து வைத்திருக்கும் இனங்களின் மாதிரிகளோடுதான் ஒப்பிடுகின்றன. மாதிரித் தொகுப்பில் இல்லாத ஓர் அரிய இனம் நாயின் இரத்தத்தில் இருந்தாலும், சோதனை அதை அதன் பெயரால் காட்டாது, அதற்கு அருகிலுள்ள வேறேதோ ஒரு பெயரைக் காட்டிவிடக்கூடும்.

எதிர்த்திசையிலும் தவறு நேரலாம் என்பதற்குச் சினூக் ஒரு நல்ல உதாரணம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 1917இல் பிறந்த ஒரு கலப்பின நாயின் பெயரே அந்த இனத்துக்கு வந்தது. பனிச்சறுக்கு வண்டி இழுக்கப் பழக்கப்பட்ட அந்த நாயும் அதன் வாரிசுகளும் அமெரிக்க ஆய்வுப் பயணி ரிச்சர்ட் பேர்டின் அண்டார்க்டிகா பயணத்துக்குப் போயின. 1965இல் உலகின் மிக அரிய நாய் என்று கின்னஸ் பதிவு குறிப்பிட்டபோது உயிரோடிருந்தவை 125 மட்டுமே. படத்தைப் பாருங்கள்: பழுப்பு நிறம், நடுத்தர முடி, பாதி மடிந்த காது. எந்தக் காப்பகத்தின் எந்தக் கூண்டில் அதை வைத்தாலும் பத்தில் ஒன்பது பேர் கடந்து போய்விடுவார்கள். அட்டை எழுதுபவரும் அதை லேப்ரடார் கலப்பு என்றுதான் எழுதுவார்.

கண்மதிப்புப் பெயர் வெறும் அலங்காரமாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். இந்தக் காப்பகத்தில் இனப் பெயர் எழுதப்பட்ட நாய்க்கு ஒரு கட்டணம், பெயர் இல்லாத நாய்க்கு அதைவிடக் குறைந்த கட்டணம் என்று இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். தடுப்பூசி, கருத்தடை, மைக்ரோசிப், உணவு என்று இரண்டுக்கும் ஆகும் செலவு ஒன்றே. வித்தியாசத் தொகை முதிய நாய்களின் மருத்துவத்துக்குப் போகிறது என்று விளக்கம் தந்தார்கள். நோக்கம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் சரிபார்க்கப்படாத ஒரு பெயரை எழுதினால் வருமானம் கூடும் என்ற ஏற்பாடு, எழுதுபவரை அறியாமலே அவருடைய கையைப் பிடித்து இழுக்கும். முதிய நாய்களுக்குப் பணம் வேண்டுமானால், கேட்டால் கொடுக்க மாட்டோமா? தனி நன்கொடையாகக் கேட்டிருக்கலாம்.

பெயர் முக்கியமாகிற இடமும் ஒன்று உண்டு, அது மருத்துவம். அங்கே இந்தக் காப்பகம் தன் முன்மேசையின் தரத்துக்குத் திரும்பிவிடுகிறது. சொறி பிடித்து வரும் நாய்களுக்கு ஐவர்மெக்டின் பரவலாகத் தரப்படும் மருந்து. கோலி வகை மந்தை நாய்களிலும் அவற்றின் உறவினங்களிலும் காணப்படும் ஒரு மரபணுக் குறை, 2001இல் கண்டறியப்பட்டது, இந்த மருந்தை மூளைக்குள் புகவிடுகிறது. இதயப் புழுத் தடுப்புக்குத் தரும் மிகச் சிறிய அளவு தீங்கு செய்யாது, ஆனால் சொறிக்குத் தரும் அளவு உயிரையே பறிக்கலாம். நீள்முடி விப்பெட் போன்ற அரிய இனங்களிலும் இந்தக் குறை உண்டு. ஆகவே மந்தை நாயின் சாயல் சிறிதளவு தென்பட்டாலும் இங்குள்ள கால்நடை மருத்துவர் வேறு மருந்துக்கு மாறிவிடுகிறார், அல்லது மரபணுச் சோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார். மெலிந்த ஓட்ட நாய்கள் சிலவகை மயக்க மருந்துகளிலிருந்து மிக மெதுவாக மீள்கின்றன என்பதற்காக, கருத்தடை அறுவைக்கு முன் உடலமைப்பைப் பார்த்து மருந்தைத் தேர்வு செய்கிறார். எங்கள் நாயின் அட்டையில் பசென்ஜி என்று இருந்ததால், அந்த இனத்தில் நடுவயதில் தலைகாட்டும் ஒரு சிறுநீரக நோயைப் பற்றிச் சொல்லி, இரத்தத்தில் சர்க்கரை இயல்பாக இருக்கும்போதே சிறுநீரில் சர்க்கரை வெளியேறுவதுதான் அதன் அடையாளம் என்றும், சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்றும் செய்துகாட்டினார். அட்டையில் இருப்பது ஊகம் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஊகமாக இருந்தாலும் கேடு தராத எச்சரிக்கையைக் கடைப்பிடிப்பதில் நட்டமில்லை என்பது அவர் கணக்கு. ஊகத்தைக் கையாள இதைவிடச் சரியான வழி எனக்குத் தெரியவில்லை.

இனி, இந்தக் காப்பகத்தின் ஆகச் சிறந்த அம்சத்தைச் சொல்ல வேண்டும். அட்டையின் முன்பக்கத்தைப் பற்றி இவ்வளவு குறை சொன்னேன்; அதைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் முழுவதும் தன்னார்வலர்களின் கையெழுத்து. எங்கள் நாயின் அட்டையில் இருந்த குறிப்புகளில் சிலவற்றை அப்படியே தருகிறேன். “வலது பின்னங்காலைத் தொட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், உறுமவில்லை, பல்லைக் காட்டவில்லை.” “உணவுத் தட்டின் அருகே கையை நீட்டினால் வேகமாகத் தின்கிறாள். தட்டைத் தள்ளி வைத்தால் பின்னாலேயே வருகிறாள், எதிர்க்கவில்லை.” “குடை விரித்ததும் கூண்டின் மூலைக்குப் போனாள். சற்று நேரத்தில் தானே வந்து குடையை முகர்ந்தாள்.” “பெண் நாய்களோடு விளையாட்டு உண்டு. சங்கிலியில் கட்டியிருக்கும்போது எதிரே நாய் வந்தால் குரைக்கிறாள்.” ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே எழுதியவரின் சுருக்கொப்பமும் தேதியும் உண்டு. ‘அன்பானவள்’, ‘சாது’, ‘குழந்தைகளோடு பழகுவாள்’ என்பன போன்ற தீர்ப்புகள் ஓரிடத்திலும் இல்லை. செய்தது என்ன, அதற்கு நாய் என்ன செய்தது என்பது மட்டுமே இருந்தது. 2022இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தை விவரங்களையும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களையும் வைத்துப் பார்த்து, நாய்க்கு நாய் காணப்படும் நடத்தை வேறுபாட்டில் இனத்தால் விளக்கக்கூடியது ஏறத்தாழ ஒன்பது விழுக்காடுதான் என்று சொன்னது. அப்படியானால் முன்பக்கத்துப் பெரிய எழுத்தைவிடப் பின்பக்கத்துப் பொடி எழுத்தே வாங்குபவருக்கு வேண்டியது. அதைத் திருப்பிப் படிக்கச் சொல்லி ஓர் அறிவிப்பாவது வைத்திருக்கலாம். மகன் தற்செயலாகக் கையில் எடுத்திராவிட்டால் நானும் படித்திருக்க மாட்டேன்.

நாயைச் சந்திக்கவிடும் முறையும் அப்படியே பண்பட்டது. கூண்டு வரிசையில் கம்பிக்கு இப்பால் நின்று எந்த நாயையும் மதிப்பிட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஒன்று குரைத்தால் எல்லாம் குரைக்கும் அந்தச் சத்தத்தில் எந்த நாயும் தானாக இருப்பதில்லை. பின்புறம் வேலி போட்ட ஒரு திறந்தவெளி இருக்கிறது. அங்கே எங்களை நிற்க விடாமல், நாய்க்குப் பக்கவாட்டில் தரையில் உட்காரச் சொன்னார் அங்கிருந்த இளைஞர். கையை நீட்டக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, அது வரும் வரை பேசிக்கொண்டிருக்க வேண்டும். நாய் முதலில் வேலியோரம் முழுவதையும் முகர்ந்து முடித்தது. பிறகு மகனின் செருப்பை. பிறகு அவன் முழங்கையை. அவன் விரல்களை மெல்ல மார்புப் பக்கம் கொண்டுபோய்ச் சொறிந்ததும், நிறுத்திவிட்டுக் கையை எடுக்கச் சொன்னார் இளைஞர். நாய் ஒரு கணம் நின்று, தன் மார்பை மறுபடி அவன் கைக்கு நேரே கொண்டுவந்து வைத்தது. “இப்போது தொடரலாம், அவளே கேட்கிறாள்” என்றார். வீட்டுக்கு வந்த பிறகும் விருந்தினர்களுக்கு நாங்கள் கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

சுகாதாரம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். புதிதாக வரும் நாய்கள் தனிப் பகுதியில். குட்டிகள் அதற்கும் அப்பால், வருபவர்கள் கை வைக்க முடியாத தடுப்புக்குப் பின்னால். குட்டிகளின் உயிரைப் பறிக்கக்கூடிய பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும் என்பதால் காலணியை மருந்து நீரில் நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பதினாறு வாரம் தாண்டும் வரை குட்டிகளுக்குத் தடுப்பூசித் தொடர் முடிந்ததாகக் கொள்வதில்லை. கெனல் காஃப் எனப்படும் இருமல் மட்டும் அவ்வப்போது பரவத்தான் செய்கிறது. இத்தனை நாய்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்தில் அதை முற்றிலும் தடுக்க முடியாது என்று அவர்களே சொல்கிறார்கள், எங்கள் நாயும் இருமிக்கொண்டேதான் வந்தது.

விண்ணப்பப் படிவம் பற்றி எனக்கு இரண்டு மனம். வீடு மாற நேர்ந்தால் நாய் என்ன ஆகும், வாடகை வீடாயின் உரிமையாளரின் எழுத்துபூர்வ இசைவு உண்டா, வீட்டில் உள்ள அனைவருக்கும் சம்மதமா, பகலில் எவ்வளவு நேரம் தனியாக இருக்கும் என்று கேட்பவை அனைத்தும் தேவையான கேள்விகள். நாயைத் திருப்பி ஒப்படைக்க நேரும் காரணங்களையே திருப்பிப் போட்டுக் கேள்வியாக்கியிருக்கிறார்கள். வருமானச் சான்றும், இதற்கு முன் வளர்த்த நாய் எப்படி இறந்தது என்ற விரிவான விவரமும் கேட்பது வேண்டாத ஆராய்ச்சி. வீட்டைப் பார்க்க வந்தவர் கனிவானவர். மாடிக் கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளியையும் வாசல் கதவின் தாழையும் பார்த்துவிட்டு, நாய் வெளியே பாய்ந்துவிடாமலிருக்க உட்புறம் இன்னொரு தடுப்பு வைக்கச் சொன்னார். ஆனால் அவர் வருவதற்கு நாங்கள் காத்திருந்த காலம் மிக நீண்டது; அந்த இடைவெளியில் வேறு யாரும் வந்து கேட்டால் நாயைக் கொடுத்துவிடுவார்களா, மாட்டார்களா என்பதைக்கூட யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

நாயோடு ஒரு கோப்பும் தருகிறார்கள். தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை ஆகியவற்றின் தேதிகள் ஒழுங்காக இருந்தன. தடுப்பூசிப் புட்டியின் ஒட்டுச்சீட்டுகள் சில இடங்களில் இல்லாததால் எங்கள் மருத்துவர் முகம் சுளித்தார். முதல் மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடல், மூன்று மாதத்தில் தன் வீடு என்ற உணர்வு என்று காப்பகங்களில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு அச்சிட்ட தாளாக உள்ளே இருந்தது. இதை நாள்காட்டியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் நாய் முதல் நாளே வயிறு நிறையத் தின்று உறங்கிற்று, ஆனால் மாடிப்படி ஏறுவதற்கு அந்தக் கணக்கெல்லாம் கடந்து போயிற்று. தத்துக்குப் பிந்தைய ஆலோசனைக்கு ஓர் எண் தந்திருக்கிறார்கள். வார நாட்களில் அழைத்தால் பொறுமையாகப் பேசுகிறார்கள். விடுமுறை நாட்களில் மணி அடித்துக்கொண்டே இருக்கும், புதிதாக நாயை அழைத்துச் சென்றவர்களுக்கோ சிக்கல் வருவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். எந்தக் காரணத்தினாலும், எத்தனை ஆண்டு கழித்தும், நாயைத் திரும்பப் பெற்றுக்கொள்வோம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்திட்டுத் தருவது இந்தச் சேவையின் பெரிய பலம்.

நாங்கள் அங்கிருந்தபோது, அரிய நிறத்தில் குட்டி வேண்டும் என்று ஒரு தம்பதியர் வந்திருந்தார்கள். மெர்ல் எனப்படும் புள்ளிச் சிதறல் நிறம். அவர்களை உள்ளே அழைத்துப்போய், ஏறத்தாழ முழு வெண்மையாக இருந்த ஒரு நாயைக் காட்டினார்கள். மெர்ல் நிறமுள்ள இரண்டு நாய்களைச் சேர்த்ததில் பிறந்தது அது. அந்த நிற மரபணு இருபுறத்திலிருந்தும் வந்து சேரும்போது காதும் கண்ணும் பாதிக்கப்படுவது உண்டு, அந்த நாய்க்குக் காதும் கேட்காது, கண்ணும் தெரியாது. தரையை மெல்லத் தட்டி அதிர்வில் அதை அழைத்தார் பராமரிப்பாளர். தம்பதியர் என்ன முடிவெடுத்தார்கள் என்று தெரியாது. ஒரு விற்பனைக்கூடத்தில் இந்த நாயைக் காட்டியிருக்க மாட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

அப்படியும் ஓர் அரிய இனமே வேண்டும், பதிவேட்டில் பெயர் எழுதிக் காத்திருக்கவும் பொறுமையில்லை என்பவர்களை இந்தக் காப்பகம் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. அந்த இனத்துக்கான மீட்புக் குழுக்களும் இனச் சங்கங்களும் எவை என்று சொல்லி, வளர்ப்பவரிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதித் தருகிறார்கள்: தாய் நாயை நேரில் பார்க்க வேண்டும், பெற்றோரின் இடுப்பு மூட்டு ஊடுகதிர்ப் படமும் அந்த இனத்துக்குரிய மரபணுச் சோதனை முடிவும் கேட்க வேண்டும், டால்மேஷன், ராஜபாளையம் போல வெண்மை மிகுந்த இனமானால் குட்டிக்கு இரண்டு காதும் கேட்கிறதா என்று மின்முறையில் அறியும் சோதனை நடந்திருக்க வேண்டும், எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துத் தர முன்வருபவரிடம் வாங்கக் கூடாது, முன்பணம் அனுப்பினால்தான் படம் காட்டுவேன் என்பவரிடம் பேசவே கூடாது. மகன் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறான். பதிவேட்டில் ஷோலோவுக்கு நேரே அவன் பெயரும் இருக்கிறது. முடியுள்ள குட்டியானாலும் சம்மதம் என்று குறிப்புப் பகுதியில் எழுதிவிட்டு வந்திருக்கிறான்.